சுண்டிய பிறகு மிஞ்சுவது எது? சமையலுக்கு விலை குறைந்த சிவப்பு ஒயின் தேடிய பதிவு

போன மாதம் ஒரு ஸ்டூ கெட்டுப்போனது. மூன்று மணி நேரம் சிறு தீயில் கிடந்த மாட்டிறைச்சி ஸ்டூ. இறைச்சி பூப்போல வெந்திருந்தது, வாசனை வீடு முழுக்க நின்றது, ஆனால் ஒரு கரண்டி சாற்றை வாயில் வைத்ததும் நாக்கின் ஓரங்கள் இழுத்துக்கொண்டன. கசப்பு, அதன்மேல் கடுந்துவர்ப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கரிந்த மரத்துண்டைக் கடித்தது போல ஒரு சுவை. இத்தனைக்கும் நான் ஊற்றியது மட்டமான ஒயின் இல்லை. ஓக் பீப்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த, கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சையில் செய்த ஒயின், பரிசாக வந்தது. கோப்பையில் ஊற்றிக் குடித்தபோது அவ்வளவு நன்றாக இருந்தது. நல்ல ஒயின் ஊற்றினால் சாறும் நன்றாக வரும் என்று நம்பித்தான் முக்கால் பாட்டிலைப் பாத்திரத்தில் கவிழ்த்தேன்.

அதற்கு முந்தைய முறை நேர் எதிர். அலமாரியின் அடித்தட்டில் இருந்ததிலேயே மலிவான ஒன்றை எடுத்து வந்து சமைத்தேன். அப்போது கசப்பு இல்லை, ஆனால் சாறு ஜாம் மாதிரி இனித்தது. எவ்வளவு உப்புப் போட்டும் அந்த இனிப்பு அடங்கவில்லை.

விலை அதிகமானதும் காலை வாரியது, மலிவானதும் காலை வாரியது என்றால் சிக்கல் விலையில் இல்லை, வேறு எதிலோ இருக்கிறது. அது எது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு வார இறுதிகள், ஆறு பாட்டில்கள், ருசி பார்க்க என்னோடு இரண்டு நண்பர்கள். என்ன செய்தோம், என்ன கிடைத்தது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு, ஏனென்றால் சோதனையை எப்படி அமைப்பது என்பதே இதிலிருந்துதான் வந்தது. ஒயினில் பெரும்பங்கு தண்ணீர், 85 சதவீதம் போல. ஆல்கஹால் 12 முதல் 14 சதவீதம். மீதி இருக்கிற சொற்பத்தில்தான் புளிப்பு, சர்க்கரை, துவர்ப்புத் தரும் டானின், நிறம், வாசனை எல்லாம் அடங்கியிருக்கின்றன. இதை அடுப்பில் வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஆல்கஹாலும் ஆவியாகும், வாசனைப் பொருட்களில் பெரும்பகுதியும் அவற்றோடு போய்விடும். போகாமல் நிற்பவை டார்டாரிக் அமிலம் போன்ற புளிப்புகள், சர்க்கரை, டானின், உப்பு இருந்தால் உப்பு. 200 மில்லி ஒயினை 50 மில்லியாகச் சுண்டவைத்தால் இவை ஒவ்வொன்றும் நான்கு மடங்கு அடர்த்தியாகின்றன. விலை உயர்ந்த ஒயினில் நாம் பணம் கொடுப்பது பெரும்பாலும் பறந்துபோகிற அந்த வாசனைக்குத்தான். சமையலில் நம் தட்டுக்கு வந்து சேர்வது போகாமல் நிற்கிற கூட்டம்.

அப்படியானால் சமையலுக்கு வாங்கும் ஒயினை அப்படியே குடித்துப் பார்த்து எடை போடுவதில் அர்த்தம் குறைவு, சுண்டவைத்துத்தான் ருசி பார்க்க வேண்டும். சோதனையை இதை வைத்தே அமைத்தேன்.

வாங்கிய ஆறும் இவை. ஒன்று, மெர்லோ திராட்சையில் செய்த சாதாரண ஒயின், திருகு மூடி போட்டது, 13 சதவீத ஆல்கஹால். இரண்டு, பிரான்ஸின் ரோன் பகுதியிலிருந்து வருகிற கோட் து ரோன், கிரெனாஷ், சிரா என்ற இரண்டு திராட்சைகள் கலந்தது, 13.5. மூன்று, பினோ நுவார், 12.5. ஆறில் விலை கூடியது இதுதான். மெல்லிய தோல் கொண்ட அந்தத் திராட்சையை வளர்ப்பது சிரமம் என்பதால் நல்ல பினோ நுவார் மலிவாகக் கிடைப்பது அரிது. நான்கு, ஸ்டூவைக் கெடுத்த அதே வகை ஓக் கேபர்னே, 14.5. ஐந்து, திராட்சையின் பெயரோ வருடமோ இல்லாமல் வெறுமனே சிவப்புக் கலவை என்று மட்டும் எழுதியிருந்த, மென்மையானது, வழவழப்பானது என்று சொல்லிக்கொண்ட ஒன்று. ஆறு, சமையல் ஒயின் என்றே பெயர் போட்டு வினிகர் அடுக்குக்குப் பக்கத்தில் விற்பது.

கோட் து ரோனைத் திறந்ததுமே ஒரு தடங்கல். மூக்கருகே கொண்டுபோனால் ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை, பழவாசனையே இல்லை. கார்க் கெட்ட ஒயின் என்பார்கள். கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்கிற சேர்மம்தான் காரணம், ஒரு லிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குகள் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன், வேறொன்று தந்தார்கள். நான் இதைக் கொதிக்கவைத்துப் பார்க்கவில்லை, அந்த வாடையோடு நல்ல இறைச்சியைச் சேர்க்க மனம் வரவில்லை. இதனால் எனக்கு வந்த பழக்கம், பாத்திரத்தில் ஊற்றுவதற்கு முன்னால் எவ்வளவு மலிவான ஒயினாக இருந்தாலும் ஒரு சிறு கோப்பையில் ஊற்றி முகர்ந்து பார்ப்பது. திருகு மூடி பாட்டில்களில் இந்தத் தொல்லை மிகமிகக் குறைவு. சமையலுக்கு வாங்கும்போது திருகு மூடியைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

சரி, சோதனை. ஆறு கோப்பைகளின் அடியில் எண் ஒட்டி, எது எது என்று எனக்கும் தெரியாதபடி ஒரு நண்பர் ஊற்றி வைத்தார், அவர் அந்தச் சுற்றில் ருசி பார்க்கவில்லை. முதலில் சுண்டவைக்காத ஒயின். எனக்கும் இன்னொரு நண்பருக்கும் மிகவும் பிடித்தது ஓக் கேபர்னே, அதற்கு அடுத்தது பினோ நுவார், மூன்றாவதாக அந்தப் பெயரில்லாக் கலவை. மெர்லோவும் கோட் து ரோனும் பரவாயில்லை என்ற வரிசையில் நின்றன. சமையல் ஒயினை ஒரு வாய்க்கு மேல் தொட முடியவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றிலும் 200 மில்லி அளந்து, அகலமான எவர்சில்வர் வாணலியில் ஊற்றி, மிதமான தீயில் 50 மில்லி ஆகும்வரை சுண்டவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. ஓரத்தில் ஒட்டுகிற மெல்லிய படலம் சட்டென்று கரிந்துவிடும், கரிந்தால் அந்தக் கசப்பு ஒயினுடையதா வாணலியுடையதா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு ஒரு முறை அப்படி ஆனது, கொட்டிவிட்டு மறுபடி செய்தேன். ஆறவைத்து, மறுபடி எண் ஒட்டி, சிறு கரண்டியால் ருசி.

வரிசை தலைகீழானது. ஓக் கேபர்னே அரை மணி நேரம் கொதித்த தேநீர் மாதிரி இருந்தது. நாக்கு, ஈறு, மேலண்ணம் எல்லாம் வறண்டு இழுத்தன. தேயிலையின் துவர்ப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் அந்த ஒப்புமை வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. அந்த ஒயினில் திராட்சைத் தோலின் டானின், விதையின் டானின், அதற்கும் மேல் ஓக் மரத்திலிருந்து இறங்கியது என்று மூன்று அடுக்கு. கோப்பையில் வெனிலா வாசனையாக மூக்கைத் தொட்ட அதே ஓக், சுண்டியபின் மரத்தூள் கசப்பாக நின்றது. ஸ்டூவில் நான் ருசித்த கரிந்த மரம் இதுதான், சந்தேகமே இல்லை.

பெயரில்லாக் கலவை, பாகு. தோசைக் கரண்டியில் எடுத்தால் நூல் விடும் என்று சொல்லுமளவுக்கு இல்லை, ஆனால் இனிப்பில் பாகேதான். பாட்டிலில் சர்க்கரை அளவு எங்கேயும் இல்லை. தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடிப் பார்த்தபோது லிட்டருக்கு 14 கிராம் என்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உலர் ஒயின், அதாவது இனிப்பில்லாத ஒயின், என்று சொல்ல பொதுவாக லிட்டருக்கு 4 கிராமுக்குள் இருக்க வேண்டும், புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 வரை போகலாம். 14 கிராமை நான்கு மடங்காக்கினால் லிட்டருக்கு 56. குடிக்கும்போது இந்த இனிப்பை நாம் இனிப்பாக உணர்வதில்லை, மென்மை என்று உணர்கிறோம். அதனால்தான் முதல் சுற்றில் அது மூன்றாவதாக வந்தது. என் பழைய ஜாம் சாற்றுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

பினோ நுவார் ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன். சுத்தமான புளிப்பு, துவர்ப்பு குறைவு, கசப்பு கிடையாது. ஆனால் முதல் சுற்றில் அதை அவ்வளவு அழகாக்கிய செர்ரி, ஈர மண், காய்ந்த இலை வாசனையெல்லாம் போயே போய்விட்டது, நிறமும் வெளிறித்தான் இருந்தது. கூடுதலாகக் கொடுத்த பணம் அடுப்புக்கு மேலே ஆவியாகப் போனதை வீட்டுக்குள் நின்றவர்கள் எல்லோரும் முகர்ந்தோம்.

மெர்லோவும் கோட் து ரோனும்தான் நின்றன. மெர்லோவில் வதங்கிய பிளம் பழத்தின் சுவை, மெலிந்த துவர்ப்பு, அடர்ந்த நிறம். கோட் து ரோனில் கூடுதலாக ஒரு மிளகுக் காரம், முடிவில் சுத்தமான புளிப்பு. வாணலியில் ஒரு துண்டு வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுச் சுழற்றியபோது இரண்டும் அப்படியே ஊற்றிச் சாப்பிடலாம் போல மாறின. முதல் சுற்றில் பரவாயில்லை என்று ஓரங்கட்டிய இரண்டுமே இவைதான்.

சமையல் ஒயினைப் பற்றி ஒரே கணக்கு போதும். நான் வாங்கிய பாட்டிலில் உப்பு 1.5 சதவீதம் என்று எழுதியிருந்தது. 250 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய 3.75 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டிக்கும் மேல். அது தண்ணீரோடு போகாது, சுண்டச் சுண்டக் கரிக்கும். எலும்புச் சாற்றிலும் உப்பு இருந்தால் திருத்த வழியே இல்லை. உப்புப் போடுவதே அதைக் குடிக்க முடியாததாக்கத்தான். அலமாரியில் மாதக்கணக்கில் கெடாது என்பது அதன் ஒரே வசதி, எனக்கு அந்த வசதி தேவைப்படவில்லை, ஏன் என்று கீழே வருகிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஓக் கேபர்னேயை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்று எழுதியிருப்பேன். ஆனால் யாரும் சுண்டிய ஒயினைத் தனியாகக் குடிப்பதில்லை, இறைச்சியோடும் எலும்புச் சாற்றோடும்தான் சாப்பிடுகிறோம். அதனால் அடுத்த வார இறுதியில் மூன்று சிறு பாத்திரங்களில் ஒரே ஸ்டூவை வைத்தேன். ஒவ்வொன்றிலும் 400 கிராம் மாட்டின் தோள் பகுதி, வெங்காயம், கேரட், செலரி, பூண்டு, கொஞ்சம் தக்காளி விழுது, 200 மில்லி ஒயின், 300 மில்லி உப்பில்லாத எலும்புச் சாறு. ஒன்றில் மெர்லோ, ஒன்றில் கோட் து ரோன், ஒன்றில் ஓக் கேபர்னே. மூன்றிலும் இறைச்சியை நன்றாகச் சிவக்கவிட்டு எடுத்து, காய்கறி வதக்கி, ஒயினை ஊற்றி அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரைத்து, ஒயின் பாதியாகச் சுண்டிய பிறகே எலும்புச் சாறு சேர்த்தேன். இரண்டரை மணி நேரம் மூடிபோட்டுச் சிறு தீ.

முடிவு எனக்கு உண்மையிலேயே வியப்பு. மெர்லோ எது, கோட் து ரோன் எது என்று மூன்று பேராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கேபர்னேயைக் கண்டுபிடித்தோம், ஆனால் கெட்டுப்போன சாறு என்று யாரும் சொல்லவில்லை, சற்றுக் கனமானது, கடைசியில் இலேசாகக் கசக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் விஷமாய்த் தெரிந்தது இப்போது எப்படி அடங்கியது?

டானினுக்குப் புரதத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும் குணம். வாய் வறள்வதும் அதனால்தான், எச்சிலில் இருக்கிற புரதங்களை அது பிடித்துக்கொள்கிறது, வழவழப்புப் போய்விடுகிறது. பாத்திரத்தில் இறைச்சிப் புரதமும், எலும்பிலிருந்தும் ஜவ்விலிருந்தும் இறங்கிய ஜெலட்டினும் நிறைய இருந்தால் டானின் அங்கேயே பிணைந்துவிடும், நம் எச்சிலைத் தேடி வருவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். ஒயின் செய்கிறவர்களே துவர்ப்பைக் குறைக்கவும் தெளியவைக்கவும் முட்டை வெள்ளை, ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் போன்றவற்றைக் கலந்து வடிப்பதுண்டு, வேலை செய்வது இதே குணம்தான். (சைவச் சமையலுக்கு ஒயின் வாங்குகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வீகன் என்று குறித்த பாட்டிலைப் பார்த்து எடுப்பது நல்லது.) போன மாத ஸ்டூவில் நான் எலும்புச் சாறே ஊற்றவில்லை, தண்ணீரும் அரை லிட்டருக்கு மேல் ஒயினும்தான். டானினைப் பிடித்துவைக்க ஆளில்லை, அளவும் இரண்டு மடங்குக்கு மேல்.

அந்த ஸ்டூவை அன்று எப்படியோ காப்பாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவலாம். சாற்றில் பாதியை வடித்து ஒதுக்கி, அதற்குப் பதில் அடர்ந்த எலும்புச் சாறு ஊற்றி, கேரட் இரண்டைப் பெரிதாக நறுக்கிப் போட்டு, கடைசியில் ஒரு கரண்டி வெண்ணெய். நல்ல ஸ்டூ என்று சொல்லும்படி ஆகவில்லை, ஆனால் சாப்பிட முடிந்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கசப்பை மறைக்கப் பார்த்ததுதான் முதல் தவறு, கசப்பும் நின்றது இனிப்பும் சேர்ந்துகொண்டது.

ஸ்டூவுக்கு அடுத்த நாள் அதே மூன்று ஒயின்களில் வாணலிச் சாறு செய்தோம். மாட்டிறைச்சித் துண்டை வறுத்து எடுத்த வாணலியில் நறுக்கிய சின்ன வெங்காயம், 150 மில்லி ஒயின், பாதிக்கும் கீழே சுண்டவைத்தல், வெண்ணெய், உப்பு, ஐந்து நிமிட வேலை. இங்கே கேபர்னே மறுபடி பல்லைக் காட்டியது. எலும்புச் சாறு இல்லை, நேரம் இல்லை, அடர்த்தி மட்டும் இருக்கிறது. மெர்லோ மிக நன்றாக வந்தது. ஒயின் தேர்வில் கவனம் வேண்டியது மூன்று மணி நேர ஸ்டூவுக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், உண்மையில் ஐந்து நிமிடச் சாற்றுக்குத்தான் அந்தக் கவனம் அதிகம் வேண்டும். எலும்புச் சாறு சேர்ந்த நீண்ட ஸ்டூ பெருந்தன்மையானது, உலர் சிவப்பு ஒயின் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறது.

இப்போது கடையில் நிற்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான். இனிப்பில்லாத உலர் வகையா? ஆல்கஹால் 12.5 முதல் 13.5 வரையா? 14.5, 15 என்று போகிறவை பெரும்பாலும் மிகவும் கனிந்த திராட்சையில் செய்தவை, சுண்டும்போது ஜாம் பக்கம் சாய்கின்றன. பின்பக்கக் குறிப்பில் வெனிலா, சாக்லேட், காப்பி, புகை, ஓக் என்று வருகிறதா? வந்தால் திரும்ப வைத்துவிடுகிறேன், அது குடிப்பதற்கான பாட்டில். மலிவான ஒயினில் அந்த வாசனை பீப்பாயிலிருந்து வராமல் ஓக் சீவல்களை ஊறவைத்ததால் வந்ததாக இருக்கவும் வாய்ப்புண்டு, கசப்பில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வருடம் அண்மையதாக இருக்கட்டும், ஒன்றிரண்டு வயது போதும், வயதான ஒயினின் நுணுக்கங்கள் கொதியைத் தாங்காது. திராட்சையின் பெயர் போட்டிருந்தால் மெர்லோ, கிரெனாஷ், ஸ்பெயினில் அதையே கர்நாச்சா என்பார்கள், துவர்ப்பு மிகக் குறைவாக வேண்டுமென்றால் போஷலே பகுதியின் கமே. இத்தாலிய மொன்டெபுல்சியானோ தப்ருஸோவும் தக்காளி சேர்ந்த சாறுகளுக்கு எனக்குப் பிடித்தது, தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கிற புளிப்பு அதில் இருக்கிறது. பெயர் பெற்ற ஊரின் பாட்டிலைவிட அதற்கு அடுத்த ஊரின் பாட்டில் பெரும்பாலும் மலிவு, அடுப்பில் அந்த வேறுபாடு நிலைப்பதில்லை.

குடிக்க முடியாத ஒயினைச் சமையலில் ஊற்றாதே என்ற பழைய பேச்சு ஒன்று உண்டு. கெட்ட கார்க், வினிகராகிப்போன பாட்டில், உப்புப் போட்ட சமையல் ஒயின் இவற்றையெல்லாம் அது தடுக்கிறது, அந்த மட்டில் சரி. ஆனால் குடிக்க நன்றாக இருப்பதெல்லாம் சமையலுக்கு நன்றாக இருக்கும் என்று அதைத் திருப்பிப் போட்டு நம்பியதுதான் என் ஸ்டூவைக் கெடுத்தது.

புதிய பாட்டில் எதை வாங்கினாலும் இப்போது வழக்கமாகச் செய்வது, கால் கோப்பை ஒயினைச் சிறு வாணலியில் ஊற்றி ஒரு மேசைக்கரண்டி ஆகும்வரை சுண்டவைத்து ருசிப்பது. மூன்று நான்கு நிமிட வேலை, 60 மில்லிதான் செலவு. அது இனித்தால் எலும்புச் சாறும் ஒரு சொட்டு ஒயின் வினிகரும் கூட்டிக்கொள்கிறேன், இழுத்தால் நீண்ட ஸ்டூவுக்கு ஒதுக்குகிறேன், இரண்டும் இல்லையென்றால் எதற்கும் ஆகும்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனாமல் பூசாத இரும்பு வாணலியில் ஒரு முறை ஒயினைச் சுண்டவைத்தேன், சாறு கருஞ்சாம்பல் நிறமாகி இரும்புச் சுவை ஏறியது. டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், பழங்காலத்து எழுதும் மையைச் செய்ததே அப்படித்தான். வெறும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வரோ எனாமல் பூசிய இரும்போதான்.

ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள், நானும் விருந்தாளிகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இனிச் சொல்ல மாட்டேன். ஆல்கஹால் 78 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது என்பது சரி, ஆனால் தண்ணீரோடு கலந்திருக்கும்போது அது தனியாகக் கிளம்பிப் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைகிறது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, தீ மூட்டி எரியவிட்ட உணவில் 75 சதவீதம் மிஞ்சுகிறது. சிறு தீயில் 15 நிமிடம் வெந்தால் 40, ஒரு மணி நேரத்துக்கு 25, இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். பாத்திரத்தின் அகலம், மூடி, தீ எல்லாவற்றையும் பொறுத்து இது கூடும் குறையும். மதத்தாலோ உடல்நிலையாலோ பழக்கத்தை விட்டதாலோ ஆல்கஹாலைத் தொடாதவர் மேசையில் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், முடிவெடுக்க வேண்டியவர் அவர். அவர்களுக்கு எலும்புச் சாற்றோடு கொஞ்சம் திராட்சைச் சாறும் புளிப்புக்கு எலுமிச்சையும் சேர்த்துத் தனிப் பாத்திரம் வைக்கிறேன். அதே சுவை வராது, ஆனால் அந்தப் புளிப்பும் பழச்சுவையும் கிடைக்கும்.

மீதி ஒயின் விஷயம். ஒரு சமையலுக்கு 200 மில்லி எடுத்தால் 550 மிஞ்சுகிறது. திறந்த பாட்டிலில் காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கத் தொடங்கிவிடும், குளிர்பதனப் பெட்டி அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சிறிய பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடினால் காற்றுக்கு இடமில்லை, எனக்கு இரண்டு வாரம் வரை சமையலுக்குச் சரியாக இருந்தது. இதைவிடச் சுலபம் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைப்பது. என் தட்டில் ஒரு குழிக்கு 30 மில்லி. ஆல்கஹால் இருப்பதால் தண்ணீர்க் கட்டி போலக் கல்லாக இறுகாது, சற்று மென்மையாக இருக்கும், எடுக்கும்போது பிசுபிசுக்கும், அதனால் கெட்டியானதும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். ஐந்து கட்டி ஒரு வாணலிச் சாறு. சமையல் ஒயினின் வசதி எனக்குத் தேவையில்லை என்று சொன்னது இதனால்தான்.

அடிக்கடி சமைக்கிறவர்களுக்குப் பெட்டி ஒயினும் நல்ல வழி. 1965இல் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் காப்புரிமை பெற்ற யோசனை, பெட்டிக்குள் ஒரு பை. ஒயின் குறையக் குறையப் பை சுருங்குமே தவிர உள்ளே காற்றுப் புகாது, அதனால் திறந்த பிறகும் நான்கு வாரத்துக்குக் குறையாமல் தாங்குகிறது. உலர் மெர்லோ பெட்டியில் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம், சுண்டவைத்துப் பார்த்த பிறகு.

இன்னும் பார்க்க வேண்டியது ஊறவைத்தல். கொதிக்கவைக்காத ஒயினில் இறைச்சியை ஊறவைத்தால் ஆல்கஹால் மேற்பரப்பை வெளுக்கவைத்துக் கெட்டியாக்குவதை இரண்டு முறை கவனித்திருக்கிறேன். அதனால் நேற்றிரவு ஒரு கோட் து ரோன் பாட்டிலை வெங்காயம், கேரட், தைம் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, முழுக்க ஆறவிட்டு, ஒரு கிலோ தோள் பகுதி இறைச்சியில் பாதியை அதில் போட்டேன். மறுபாதி கொதிக்கவைக்காத அதே வகை ஒயினில் ஊறுகிறது. இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களும் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இன்று மாலைதான் அடுப்பில் ஏற்றப் போகிறேன்.